தரையில் காதை வைக்கலாமா? விழிப்பைச் சொல்லும் மரபுத்தொடர்களுக்கு ஒரு கைகாட்டி

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மொழிபெயர்ப்புப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். பங்குச் சந்தைக்குப் புதிதாக வருபவர்களுக்கான சின்னக் கையேடு. மொழிபெயர்த்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் இந்த வரி வந்தது: "முதலீட்டாளர்கள் எப்போதும் தங்கள் காதுகளைத் தரையில் வைத்திருக்க வேண்டும்."

வரிசையாகக் குப்புறப் படுத்துக் கிடக்கும் முதலீட்டாளர்கள்தான் கண்முன் வந்தார்கள். சிரித்துக்கொண்டே வரியை அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைத் தூக்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அரை மணி நேரம் போயும் வரி அமையவில்லை.

மூலத்தில் இருந்தது 'கீப் யுவர் இயர் டு த கிரவுண்ட்' என்ற ஆங்கில மரபுத்தொடர். சுற்றுமுற்றும் என்ன பேச்சு ஓடுகிறது, என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும்படி விழிப்பாக இரு என்று பொருள். இதற்கு ஈடாகத் தமிழில் ஒரு தொடர் சொல்லுங்கள் என்று கேட்டால் ஒன்றல்ல, இருபது வரும். சிக்கலே அதுதான். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைத்தால், பாராட்ட நினைத்த ஆளைத் திட்டியதாக ஆகிவிடும்.

ஆங்கில வழியில் படித்துவிட்டு இப்போது தமிழில் எழுத வந்திருப்பவர்கள், மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்கியவர்கள், வீட்டில் சரளமாகப் பேசினாலும் எழுத உட்கார்ந்தால் கை தடுமாறுபவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிழை செய்து செய்து நான் கண்டுகொண்ட வழி இது.

முதல் படி: படத்தைப் பார்த்துவிட்டுப் பொருளுக்குப் போங்கள்

மரபுத்தொடர் எதுவானாலும் அதற்குள் ஒரு படம் ஒளிந்திருக்கும். பொருளை அகராதி சொல்லிவிடும். அந்தத் தொடர் எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதைப் படம்தான் சொல்லும்.

தரையில் காதை வைக்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம். தூரத்தில் குதிரைகள் வருகின்றன. கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. தரையில் காதை வைத்தால் குளம்படி அதிர்கிறது. இதில் கொஞ்சம் அறிவியலும் உண்டு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல். சினிமாவில் தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருகிறதா என்று பார்ப்பார்களே, அது வெறும் கதையில்லை. செய்து பார்க்கத்தான் வேண்டாம்.

ஆக, வருவது இன்னும் வந்து சேரவில்லை. அதன் அறிகுறி மெல்லியது. அதைக் கேட்க வேண்டுமானால் குனிய வேண்டும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று மொழிபெயர்த்தால் இவ்வளவும் உதிர்ந்துவிடும். எச்சரிக்கை என்பது ஆபத்துக்கான சொல். குதிரையில் வருவது எதிரியாகவும் இருக்கலாம், நல்ல சேதி கொண்டுவருபவராகவும் இருக்கலாம்.

தமிழில் உண்மையாகவே தரையில் காதை வைத்திருக்கும் ஆள் ஒன்று உண்டு. பாம்பு. அதற்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்செவிக்குப் போகிறது. காது என்று ஒன்று வெளியே தெரியாததால், அது கண்ணாலேயே கேட்கிறது என்று முன்னோர் எண்ணி, 'கட்செவி' என்று பெயர் வைத்தார்கள். கண்ணே செவி. நம் காலத்தில் வாட்ஸ்அப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் அந்தச் சொல்லைத் தூசு தட்டி 'கட்செவி அஞ்சல்' ஆக்கினார்கள். பாம்பு ஞாபகம் வருகிறதே என்று சிலர் முகம் சுளித்தார்கள். அதில் ஓடும் வதந்திகளைப் பார்க்கும்போது எனக்கென்னவோ பெயர் பொருத்தமாகத்தான் படுகிறது.

பேச்சில் 'பாம்புச் செவி' இன்னும் உயிரோடு இருக்கிறது. "மெதுவாகப் பேசு, தாத்தாவுக்குப் பாம்புச் செவி." சின்ன முணுமுணுப்பும் அவரிடமிருந்து தப்பாது என்று பொருள். அப்படியானால் கையேட்டில் "முதலீட்டாளர்களே, பாம்புச் செவியோடு இருங்கள்" என்று எழுதிவிடலாமா? முடியாது. அது ஒருவருடைய இயல்பைச் சொல்லும் தொடர். பயமும் கேலியும் கலந்து, அவர் இல்லாத நேரம் பார்த்துச் சொல்வது. அறிவுரையாக அதை நீட்ட முடியாது. படம் அச்சு அசலாகப் பொருந்தியும் தொடர் பொருந்தவில்லை. அதனால்தான் மற்ற படிகளும் தேவைப்படுகின்றன.

இரண்டாம் படி: கண்ணா, காதா?

கவனம் பற்றிய தமிழ்த் தொடர்களை மொத்தமாகக் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும். கண்ணை வைத்தவை ஒரு பக்கம், காதை வைத்தவை ஒரு பக்கம். பிரிக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: கவனிக்க வேண்டியது எதிரே இருக்கிறதா, இன்னும் வரவில்லையா? குழந்தை, கணக்குப் புத்தகம், ஓடும் இயந்திரம், தேர்வு அறை எல்லாம் எதிரே இருப்பவை. அது கண்ணின் வேலை. இடமாற்ற உத்தரவு, விலை ஏற்றம், மூடிய கதவுக்குப் பின்னால் எடுக்கப்படும் முடிவு எல்லாம் இன்னும் வராதவை. அங்கே காதுதான்.

கண் குவியலில் முதலில் 'கண்ணும் கருத்துமாக'. எங்கே வைத்தாலும் கெடுதல் செய்யாத தொடர். அன்பும் பொறுப்பும் சேர்ந்த கவனம். "அம்மாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள்." கண் அங்கே இருந்து மனம் வேறெங்கோ இருந்தால் பயனில்லை என்பதால்தான் இரண்டும் ஜோடியாக வருகின்றன.

அடுத்தது 'கண்கொத்திப் பாம்பு'. மறுபடியும் பாம்புதான்! மரத்தில் வாழும் மெல்லிய பச்சைப் பாம்பு, கூரான மூக்கு. கண்ணைக் கொத்தும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். உண்மையில் அது ஓணான், தவளை போன்றவற்றைத் தின்று பிழைக்கிறது. மனிதர் கண்ணைத் தேடி அலைவதில்லை. ஆனால் அதன் கண்மணி படுக்கைவாட்டில் ஒரு கீறல் போல இருக்கும். கிளையோடு கிளையாக அசையாமல் கிடந்து எதிரில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும். நேரில் ஒருமுறை பார்த்தால் உவமை ஏன் நிலைத்தது என்று புரிந்துவிடும்.

இந்தத் தொடரில் ஒரு சந்தேகப் பார்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்த மாணவன் சொல்கிறான்: "அந்த சார் கண்கொத்திப் பாம்பாக நின்றார், தலையைத் திருப்ப முடியவில்லை." அதே சார் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்: "மூன்று மணி நேரமும் கண்ணும் கருத்துமாக இருந்தேன்." நடந்தது ஒன்றுதான். கவனிப்பவர் சொன்னால் ஒரு தொடர், கவனிக்கப்பட்டவர் சொன்னால் இன்னொன்று. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்காமல் எழுதப்போய், ஒரு பாராட்டுரையில் "எங்கள் தலைமையாசிரியர் மாணவர்களைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்தார்" என்று வந்ததை நானே அச்சுக்குப் போகும் முன் நிறுத்தியிருக்கிறேன்.

கவனிக்கப்பட்டவரின் குரல் 'கண்காணி' என்ற சொல்லிலும் கேட்கும். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலியாட்களைச் சேர்த்து வந்து மேய்த்தவருக்குக் 'கங்காணி' என்று பெயர். கண்காணிதான் அப்படித் திரிந்தது. ஆங்கில அகராதி வரைக்கும் போய்ச் சேர்ந்த சொல். 'கண்காணிப்பு' என்று இன்று செய்தித்தாளில் சாதாரணமாக வந்தாலும், அதில் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை இருக்கிறது. நோயாளியை மருத்துவர் கண்காணிக்கலாம். மருத்துவரை நோயாளி கண்காணிப்பதாக எழுதினால் கதை வேறு.

மூன்றாவது, விளக்கெண்ணெய். 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு' என்பார்கள், 'ஊற்றிக்கொண்டு' என்றும் சொல்வார்கள். இமைக்காமல், நீண்ட நேரம், துளியும் தப்பாதபடி பார்ப்பது. மெய்ப்புத் திருத்துபவர்கள், கணக்குச் சரிபார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும். இதற்குள் ஒரு தேடல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். குழந்தையை யாரும் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்ப்பதில்லை. நீண்ட பட்டியலில் ஒரு பெயரை அப்படித் தேடுவோம், ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் ஓட்டையை அப்படித் தேடுவோம். எதிர்மறையில் இது இன்னும் அழகு: "விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது." ஒரே ஒரு எச்சரிக்கை. கண்ணும் தேடலும் இல்லாமல் எண்ணெயை மட்டும் எடுத்தால் அது வசவு. "போடா விளக்கெண்ணெய்" என்றால் மந்தமான ஆள், ஒன்றுக்கும் உதவாதவன். கண்ணில் விட்டால் கூர்மை, ஆளுக்குப் பெயராக வைத்தால் மந்தம்.

'ஒரு கண் வைத்துக்கொள்' எளிமையானது, அன்றாடத்துக்கு ஏற்றது. மற்ற வேலையும் ஓடட்டும், இதையும் விட்டுவிடாதே என்று பொருள். "அறிவிப்புப் பலகை மேல் ஒரு கண் வைத்துக்கொள்." ஆனால் 'ஒரு', 'கொள்' இரண்டையும் உதிர்த்துவிட்டு "கண் வைத்துவிட்டான்" என்றால் அது திருஷ்டி. "அந்த நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண்" என்றால் ஆசை. கண்ணை எப்படி வைக்கிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது.

இனி காது. இந்தக் குவியல் இன்னும் நுட்பமானது.

'காதைத் தீட்டிக்கொள்' என்பதில் கத்தி தீட்டும் படம். வேண்டுமென்றே காதைக் கூர்மையாக்குவது. ஆங்கிலத் தொடரின் மெனக்கெடல் இதில் அப்படியே இருக்கிறது. ஆனால் லேசாக ஒட்டுக்கேட்கும் வாடையும் அடிக்கும். "பக்கத்து அறையில் என் பெயர் அடிபட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்." சொந்தக் கதை சொல்லும்போது இது பிரமாதம்.

'காதில் விழுந்தது' இதற்கு நேர் எதிர். நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக வந்து விழுந்தது. வம்பு பேசுபவர்களின் கேடயம். இன்னும் மங்கலாகச் சொல்ல வேண்டுமென்றால் 'காற்றுவாக்கில் வந்த செய்தி', 'அரசல் புரசலாகத் தெரியும்' என்பார்கள். கட்டுரை நடைக்கு 'செவிவழிச் செய்தி'.

'காது கொடுத்துக் கேள்' என்பதில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். அது விழிப்பைப் பற்றியதே இல்லை. எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், பொறுமையாகக் கேள் என்பது மட்டும்தான். மேடைத் தமிழில் 'செவிமடுத்தல்'. 'செவிசாய்த்தல்' என்றால் இன்னும் ஒரு படி மேலே, கேட்டதோடு இணங்கவும் வேண்டும். "கோரிக்கைக்கு நிர்வாகம் செவிசாய்க்கவில்லை" என்ற வரியில், நிர்வாகத்துக்குக் கோரிக்கை நன்றாகவே கேட்டது.

மூன்றாம் படி: வினையைத் தொடாதீர்கள்

படத்தில் காது இருக்கிறது, பொருளும் தெரியும், வினையைக் கொஞ்சம் மாற்றினால் என்ன என்று தோன்றும். மாற்றிப் பாருங்கள், என்ன ஆகிறது என்று.

"இதை அவர் காதில் போட்டு வை" என்றால் முன்கூட்டியே அவருக்குத் தெரியப்படுத்து. "அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை" என்றால் சட்டையே செய்யவில்லை. போடுவது ஒன்றுதான், துணைவினை மாறியதும் ஆளும் மாறிவிட்டார், பொருளும் மாறிவிட்டது. 'காது கொடு' என்றால் கவனமாகக் கேள். ஓர் ஐகாரம் சேர்த்து "காதைக் கொடு" என்றால் கிட்டே வா, ரகசியம் சொல்கிறேன். 'காதும் காதும் வைத்தாற்போல்' என்றால் மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் வேலையை முடிப்பது. ஒருமுறை ஒருவர் "காதும் காதும் வைத்துக் கவனித்தார்" என்று எழுதியிருந்தார். இரண்டு காதாலும் கேட்டார் என்பது அவர் கருத்து. படித்தவருக்கு ஏதோ கள்ள வேலை நடந்ததாகத் தோன்றும்.

இதில் எனக்குப் பிடித்தது காது குத்துவது. "எனக்கே காது குத்துகிறாயா?" என்றால் என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா என்று பொருள். ஆனால் வள்ளுவர் 'கேள்வி' அதிகாரத்தில் தலைகீழாகச் சொல்கிறார்: "கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி." தோட்கப்படாத என்றால் துளைக்கப்படாத. கேள்வி அறிவு துளைக்காத காது, ஓசையைக் கேட்டாலும் செவிட்டுக் காதுதான் (குறள் 418). அங்கே குத்துப்பட்ட காதுதான் நல்ல காது. இன்று குத்துப்பட்டவன் ஏமாளி.

"மரபுநிலை திரியிற் பிறிதுபிறி தாகும்" என்று தொல்காப்பியத்தின் மரபியல் சொல்வது சொற்களைப் பற்றித்தான். மரபைத் திருப்பினால் சொல் வேறு வேறாகிவிடும். மரபுத்தொடர் என்று நாம் பெயர் வைத்திருப்பதற்கு இந்த ஒரு வரி போதும். காலம், இடம், எண் மட்டும் மாறலாம்: தீட்டிக்கொண்டேன், தீட்டிக்கொள்வார்கள். பழமொழிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. "சுவருக்கும் காது உண்டு", "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" போன்றவற்றை முழுசாக அப்படியே வைக்க வேண்டும்.

வல்லெழுத்து மிகும் இடங்களும் இத்தொடர்களில் நிறைய: காதைத் தீட்டி, கண்கொத்திப் பாம்பு, கொடுத்துக் கேள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அந்த த், ப், க் தானே வந்து நிற்கும்.

நான்காம் படி: யார், யாரிடம்?

மேலதிகாரியிடம் "காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள் சார்" என்று சொன்னால் அவரை ஒட்டுக்கேட்கச் சொன்னதாகிவிடும். "ஒரு விஷயம், உங்கள் காதில் போட்டு வைக்கிறேன் சார்" என்றால் அடக்கமும் இருக்கிறது, செய்தியும் போய்விடுகிறது. மூத்தவர் ஒருவரிடம் வேலைக்குச் சொல்லி வைக்க வேண்டும். "ஏதாவது காதில் விழுந்தால் சொல்லுங்கள் அண்ணா" என்போம். இதில் உள்ள நாகரிகத்தைக் கவனியுங்கள். உங்களைத் தேடச் சொல்லவில்லை, மெனக்கெடச் சொல்லவில்லை, தானாக விழுந்தால் போதும் என்கிறோம். அவர் மெனக்கெடுவார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

நண்பனுக்கு "உஷாரா இருடா" போதும். உஷார் உருது வழி வந்தது, ஜாக்கிரதை வடமொழியில் விழித்திருப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, தென் மாவட்டக்காரர்களுக்குச் 'சூதானம்'. மூன்றும் ஆபத்தின் பக்கம் சாய்ந்தவை. செய்தி தேடும் விழிப்புக்கு இவை உதவா. 'நாய் ஜாக்கிரதை' பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நாயைத்தான் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்து போகும், அது தனி.

ஐந்தாம் படி: இரட்டை வேடக்காரர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

'விழி' என்றால் கண். விழித்தல் என்றால் கண் திறத்தல், உறக்கம் கலைதல், கவனமாக இருத்தல். "விழித்துக்கொண்டார்" என்றால் சுதாரித்துவிட்டார். சரி, "விழித்தார்" என்றால்? கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றார். "திருதிருவென விழித்தான்", "பேந்தப் பேந்த விழித்தான்" எல்லாம் அந்த வகை. "அமைச்சர் விழித்துக்கொண்டார்" பாராட்டு, "அமைச்சர் விழித்தார்" கிண்டல். தலைப்பில் இடம் போதவில்லை என்று 'கொண்டார்' என்பதைக் கத்தரித்தால் வம்புதான்.

'பராக்கு' இதைவிடப் பெரிய வேடக்காரர். அரசர் வரும்போது கட்டியக்காரர் "பராக்! பராக்!" என்று கூவுவார். கவனியுங்கள் என்று பொருள். "பராக்குப் பார்க்காதே" என்று சின்னப் பிள்ளையை அதட்டும்போது அதே சொல் கவனமின்மை ஆகிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இந்த இரண்டு பொருளையும் பார்க்கலாம். ஐயம் வரும்போது ஒரு பொருளோடு அகராதியை மூடிவிடாமல் கடைசிப் பொருள் வரை படிப்பது நல்லது.

ஆறாம் படி: செய்தி வந்த வழியையும் தொடரில் காட்டுங்கள்

இதுவரை பார்த்தவை வருவதைப் பிடிப்பவை. போய்த் தேடுவதற்கு வேறு தொடர்கள். நிலவரம் எப்படி என்று பார்க்க 'நாடி பிடித்துப் பார்த்தல்'. எதிராளி எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்க 'ஆழம் பார்த்தல்'. பட்டும் படாமலும் ஒரு யோசனையை விட்டு என்ன பதில் வருகிறது என்று பார்க்க 'நூல் விட்டுப் பார்த்தல்'. தெரிந்தது போலப் பேசி உண்மையைக் கறப்பது 'போட்டு வாங்குதல்'. பேச்சில் வெகு சரளம், கட்டுரையில் இடம் பார்த்து. 'மோப்பம் பிடித்தல்', 'வேவு பார்த்தல்' இரண்டிலும் கண்டனம் இருக்கிறது. நம் ஆள் செய்தால் விசாரித்தார் என்போம், வேண்டாத ஆள் செய்தால் வேவு பார்த்தார் என்போம்.

வந்த செய்தி எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லத் தமிழிடம் ஒரு தனிக் கருவி உண்டு. அது மரபுத்தொடர்கூட இல்லை, வினைக்குப் பின்னால் ஒட்டும் 'ஆம்'. "விலை ஏறப்போகிறது" என்றால் பொறுப்பு என்னுடையது. "விலை ஏறப்போகிறதாம்" என்றால் யாரோ சொன்னார்கள், நான் கடத்துகிறேன், நாளைக்கு என்னைப் பிடிக்காதே. ஒரு முழு வாக்கியத்தின் வேலையை இரண்டே எழுத்து செய்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் 'என்று கூறப்படுகிறது', 'என்று நம்பப்படுகிறது' என்று இழுத்துக்கொண்டே போவதைவிட, இடம் இளக்கமாக இருந்தால் ஓர் 'ஆம்' போட்டுப் பாருங்கள். வரிக்கு உயிர் வந்துவிடும். அலுவலகக் கடிதத்தில் மட்டும் வேண்டாம்.

கேட்டதை என்ன செய்வது என்பதிலும் பழந்தமிழ் தெளிவாக இருக்கிறது. 'ஒற்றாடல்' அதிகாரம் முழுக்க முழுக்கத் தரையில் காதை வைப்பது பற்றியது. எல்லாரிடத்திலும் நடப்பதை எந்நாளும் விரைந்து அறிவது வேந்தன் தொழில் என்று 582ஆம் குறள் சொல்கிறது. அதோடு விடவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறது 588. அடுத்த குறள் இன்னும் கறார்: ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியக் கூடாது, அப்படிப்பட்ட மூவர் சொல்லும் ஒத்துப்போனால்தான் நம்பு. 'உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்.' ஒரே வதந்தியை மூன்று குழுக்களில் பார்த்துவிட்டு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்று நம்புகிறோமே, அங்கே முதல் நிபந்தனையே உடைந்துவிடுகிறது. மூன்றும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனவை.

இதை எழுத்துக்குக் கொண்டுவந்தால்: ஒருவர் சொன்னதை "காதில் விழுந்தது" என்று எழுதுங்கள். நாலு பேருக்குப் பாதி தெரிந்ததை "அரசல் புரசலாக" என்று. நீங்களே சரிபார்த்த பிறகு மட்டும் "விசாரித்ததில் தெரிந்தது" என்று. படிப்பவர் தொடரைப் பார்த்தே செய்தியை எடை போட்டுக்கொள்வார்.

கடைசியில் அந்தக் கையேட்டு வரி என்ன ஆயிற்று? தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வராததைப் பற்றியது, ஆகவே காது. பாம்புச் செவி அறிவுரைக்கு ஆகாது. காது கொடுத்தல் பொருளே வேறு. காதைத் தீட்டுவதில் ஒட்டுக்கேட்கும் வாடை, பணம் போடும் பெரியவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. கடைசியில் இப்படி நின்றது: "சந்தையில் என்ன பேச்சு அடிபடுகிறது என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே இருங்கள்; காதில் விழுந்ததையெல்லாம் நம்பிப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள்."

"இரண்டாவது பாதி மூலத்தில் இல்லையே அண்ணா" என்றார் தம்பி. உண்மைதான். வள்ளுவர் வேகத்தில் நானாகச் சேர்த்தது. அடித்துவிட்டேன்.

பக்கத்தைத் திருப்பினால் அடுத்தது காத்திருந்தது. 'கீப் யுவர் ஐஸ் பீல்டு'. எதுவும் தப்பாதபடி உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிரு என்று பொருள். தம்பி போட்டிருந்த மொழிபெயர்ப்பு: "கண்களை உரித்து வைத்திருங்கள்." நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே படித்துப் பார்த்துவிட்டு, "விளக்கெண்ணெய் விட்டுவிடலாமா அண்ணா?" என்று கேட்டார்.

"எதைத் தேடச் சொல்கிறார்கள்?"

கீழே இரண்டு வரி படித்தார். "பொடி எழுத்தில் போட்டிருக்கும் கட்டணங்களையாம்."

"அப்படியென்றால் ஊற்று."